அடையாளம் காணப்படாத காமா கதிர் மூலங்கள்

அடையாளம் காணப்படாத காமா கதிர் மூலங்கள் என்பன, காமா கதிர்த் தொலைநோக்கிகளால் வானில் கண்டறியப்பட்டிருந்தும், எவ்வகை விண்பொருளிலிருந்து அக்கதிர்கள் வருகின்றன என்று அறியப்படாத மூலங்கள் ஆகும். இவற்றை அடையாளம் காண்பதற்கு, அதே வான்பகுதியைக் கதிரலை, அகச்சிவப்பு, கண்ணுறு ஒளி, புற ஊதா, எக்சு-கதிர் ஆகிய பிற அலைநீளங்களில் உற்றுநோக்கி ஒப்பிடும் முறை கையாளப்படுகிறது. இது பல்லலைநீள உற்றுநோக்கல் எனப்படும். 2008ஆம் ஆண்டு விண்ணில் செலுத்தப்பட்ட பெர்மி விண் தொலைநோக்கியின் முதல் எட்டு ஆண்டுத் தரவுகளைக் கொண்டு உருவாக்கப்பட்ட நான்காம் பட்டியலில் 5,064 மூலங்கள் உள்ளன. அவற்றுள் 1,336 மூலங்களுக்குப் பிற அலைநீளங்களில் ஏற்கத்தக்க இணைப்பொருள் எதுவும் காணப்படவில்லை.

இத்துறையில் இந்தியாவின் பங்கு பெரிதும் இரு இடங்களைச் சார்ந்தது. ஒன்று உதகமண்டலம், மற்றொன்று புனேவுக்கு வடக்கே கோடட் சிற்றூரில் அமைந்துள்ள மாபெரும் மீட்டரலை கதிரலைத் தொலைநோக்கி.

இடம் துல்லியமாகத் தெரியாமைக்குக் காரணம்

காமா கதிர்களை ஆடியாலோ வில்லையாலோ குவிக்க இயலாது. விண்கலத்தில் உள்ள கருவியினுள் நுழையும் காமா ஒளியணு, கனமான உலோகத் தகட்டில் மோதி ஓர் எலக்ட்ரானும் ஒரு பாசிட்ரானுமாக மாறுகிறது. இவ்விரு துகள்களும் செல்லும் தடங்களிலிருந்து ஒளியணு வந்த திசை பின்னோக்கிக் கணிக்கப்படுகிறது. தகட்டினுள் துகள்கள் சிதறுவதால் இக்கணிப்பில் பிழை ஏற்படும். பெர்மியின் முதன்மைக் கருவியில், 100 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட ஓர் ஒளியணுவின் திசை சில பாகைகள் அளவுக்குப் பிழைபடலாம். 1 கிகா எலக்ட்ரான் வோல்ட்டில் இப்பிழை ஏறத்தாழ ஒரு பாகையாகக் குறைகிறது. பல ஒளியணுக்களைச் சேர்த்துக் கணிக்கும்போது மூலத்தின் இருப்பிடம் ஒரு பாகையின் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமாகிறது. மூலம் இருக்கக்கூடிய இப்பகுதி பிழை வட்டம் எனப்படும்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் தொலைவுகளைக் கொண்டு இதனை விளக்கலாம். பாளையங்கோட்டையிலிருந்து அகத்தியர் மலை உச்சி மேற்கே ஏறத்தாழ 55 கி.மீ. தொலைவில் உள்ளது. அத்தொலைவில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலமாகும். அம்மலைச் சரிவில் எங்கோ ஒரு விளக்கு எரிகிறது, ஆனால் அது ஒரு கிலோமீட்டர் அகலமான காட்டில் எவ்விடத்தில் உள்ளது என்று தெரியாது என்ற நிலையே 1970களின் காமா கதிர் வானியலாளர்களுக்கு இருந்தது. பெர்மியின் துல்லியம் அதனை ஏறத்தாழ நூறு மீட்டராகச் சுருக்குகிறது. கண்ணுறு ஒளியிலோ கதிரலைக் குறுக்கீட்டளவியலிலோ கிட்டும் ஒரு வில்நொடித் துல்லியம் அதே தொலைவில் 27 செ.மீ. மட்டுமே. பிழை வட்டத்தினுள் நூற்றுக்கணக்கான விண்மீன்களும் தொலைதூரப் பேரடைகளும் இருக்கும். அவற்றுள் எது காமா கதிர்களை வெளியிடுகிறது என்பதைக் காமா கதிர்ப் படத்தை மட்டும் கொண்டு கூற முடியாது.

பின்னணி இரைச்சல் மற்றொரு இடர். விண்கலத்தைத் தாக்கும் அண்டக்கதிர்த் துகள்கள் காமா ஒளியணுக்களை விடப் பன்மடங்கு மிகுதி. புவியின் காந்தப்புலம் நிலக்காந்த நடுக்கோட்டுப் பகுதியில் இத்துகள்களை வலுவாகத் தடுக்கிறது. இந்தியாவில் இக்கோடு திருநெல்வேலிக்கு அண்மையில் செல்கிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் நிலநடுக்கோட்டுப் புவி இயற்பியல் ஆய்வகம் திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் அமைக்கப்பட்டதற்கும் இதுவே காரணம். அவ்வாய்வகம் ஆராய்வது மேல்வளிமண்டலத்தையும் புவிக்காந்தத்தையும். காமா கதிர் மூலங்களை அன்று. எனினும் அதே இயற்கைச் சூழலைப் பயன்படுத்தியே எசுஏஎசு-2 காமா கதிர் விண்கலம் 1972இல் கென்யக் கடற்கரையை ஒட்டிய ஏவுதளத்திலிருந்து நிலநடுக்கோட்டை ஒட்டிய சுற்றுப்பாதையில் செலுத்தப்பட்டது. 2015 செப்டம்பர் 28இல் ஏவப்பட்ட இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் விண்கலத்துக்கும் 6 பாகை சாய்வுடைய சுற்றுப்பாதையே தெரிவு செய்யப்பட்டது. புற ஊதாவிலும் எக்சு-கதிரிலும் ஒரே நேரத்தில் ஒரே பொருளைக் காணவல்ல இக்கலத்தைச் சுமந்து சென்ற பி.எஸ்.எல்.வி. ஏவுகலத்தின் இரண்டாம் நிலைக்குரிய விகாசு வகைத் திரவ எரிபொருள் பொறிகள் திருநெல்வேலி மாவட்டத்தின் மகேந்திரகிரியில் சோதிக்கப்படுபவை.

தொடர்புபடுத்தலும் அடையாளம் காணலும்

இவ்விரு சொற்களும் அன்றாடப் பேச்சில் ஒன்றாகத் தோன்றினாலும் பட்டியல்களில் வெவ்வேறு பொருள் கொண்டவை. பிழை வட்டத்தினுள் தகுந்த வகைப் பொருள் ஒன்று இருந்து, அது தற்செயலாக அங்கு அமைந்திருக்கும் நிகழ்தகவு மிகக் குறைவு என்று கணக்கிடப்பட்டால், அம்மூலம் அப்பொருளுடன் தொடர்புபடுத்தப்பட்டது எனப்படும். அடையாளம் காணப்பட்டது என்று கூறுவதற்கு அது போதாது. காமா கதிரில் காணப்படும் துடிப்பு அப்பொருளின் சுழற்சிக் காலத்தோடு பொருந்த வேண்டும். அல்லது இரு அலைநீளங்களிலும் ஒளிர்வு ஒருசேர ஏறி இறங்க வேண்டும். அல்லது மூலத்தின் பரந்த வடிவம் பிற அலைநீளப் படத்தோடு ஒத்திருக்க வேண்டும். நான்காம் பெர்மிப் பட்டியலின் 5,064 மூலங்களுள் இவ்வாறு உறுதியாக அடையாளம் காணப்பட்டவை 358 மட்டுமே. 3,130க்கும் மேற்பட்டவை பிளேசார் எனப்படும் பேரடைக் கருக்களுடன் தொடர்புடையவை. செய்தித்தாள்களில் "கண்டுபிடிக்கப்பட்டது" என்று வரும் பல செய்திகள் உண்மையில் தொடர்புபடுத்தல் என்ற அளவிலேயே நிற்பவை.

ஒரு மூலம் எதனுடனும் பொருந்தவில்லை என்பதும் ஒரு விடையாக இருக்கலாம். பால் வழியைச் சூழ்ந்திருப்பதாகக் கருதப்படும் கரும்பொருள் திரள்களில், துகள்கள் ஒன்றையொன்று அழித்துக் காமா கதிர்களை வெளியிடக்கூடும் என்று சில கோட்பாடுகள் கூறுகின்றன. அத்தகைய திரள் வேறெந்த அலைநீளத்திலும் ஒளிராது. எனவே ஒரு மூலத்தைக் கரும்பொருள் என்று முன்மொழிய வேண்டுமானால், அங்கு மங்கிய துடிவிண்மீன் ஒன்று ஒளிந்திருக்கவில்லை என்று முதலில் காட்ட வேண்டும். துடிவிண்மீன் தேடலுக்கு இன்று கிடைத்துள்ள முதன்மைக்கு இதுவும் ஒரு காரணம்.

மாறாக, மூலமே இல்லாதிருப்பதும் உண்டு. விண்மீன்களுக்கு இடையிலுள்ள வளிம முகில்களில் அண்டக்கதிர்கள் மோதுவதாலும் காமா கதிர்கள் தோன்றும். அம்முகில்களின் பரவல் தவறாகக் கணிக்கப்பட்டால், விடுபட்ட முகில் ஒரு புள்ளி மூலமாகத் தோற்றமளிக்கும். காம்ப்டன் விண்கலத்தின் எக்ரெட் கருவியைக் கொண்டு 1999இல் வெளியான பட்டியலில் 271 மூலங்கள் இருந்தன. 170 மூலங்கள் அடையாளம் அறியப்படாதவை. கசாண்டியன், கிரெனியே ஆகியோர் 2008இல் திருத்திய வளிமப் படங்களைக் கொண்டு அதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்தபோது, பழைய மூலங்களுள் 107 மூலங்கள் உறுதிப்படவில்லை.

கெமிங்கா

அடையாளம் காணும் பணியின் கடினத்தை உணர்த்தும் சிறந்த எடுத்துக்காட்டு கெமிங்கா ஆகும். மிதுன விண்மீன் குழாமில் உள்ள இம்மூலத்தை எசுஏஎசு-2 விண்கலம் கண்டறிந்தது. நிலையான காமா கதிர் மூலங்களுள் வேலா துடிவிண்மீனை அடுத்து வானிலேயே மிகப் பொலிவானது இதுவே. ஆயினும் அங்கு குறிப்பிடத்தக்க கதிரலை மூலம் எதுவும் இல்லை. இத்தாலிய வானியலாளர் ஜியோவானி பிஞ்ஞாமி இதற்குக் கெமிங்கா என்று பெயரிட்டார். மிதுனத்தின் காமா மூலம் என்பதன் சுருக்கமான இப்பெயருக்கு மிலான் வட்டார வழக்கில் "அங்கே ஒன்றுமில்லை" என்றும் பொருள் உண்டு. 1975இல் ஏவப்பட்ட காஸ்-பி விண்கலத்தின் 1981ஆம் ஆண்டுப் பட்டியலில் இருந்த 25 மூலங்களுள் நான்கு மட்டுமே அடையாளம் அறியப்பட்டிருந்தன. கெமிங்கா அந்நான்கில் இல்லை.

இதனை நெருங்கிய வழி படிப்படியானது. 1983இல், ஐன்ஸ்டைன் எக்சு-கதிர் விண்கலத்தின் படங்களில் பிழை வட்டத்தினுள் ஓர் எக்சு-கதிர் மூலம் சுட்டிக்காட்டப்பட்டது. எக்சு-கதிர்த் துல்லியம் தேடல் பகுதியைச் சில வில்நொடிகளாகச் சுருக்கியதால், பெரிய ஒளியியல் தொலைநோக்கிகளைக் கொண்டு அங்கே 25ஆம் பொலிவெண்ணை ஒட்டிய மிக மங்கலான நீலநிறப் பொருள் ஒன்று அடுத்த சில ஆண்டுகளில் கண்டறியப்பட்டது. இதற்கிடையே கெமிங்கா 59 நொடிகளுக்கு ஒருமுறை துடிப்பதாகச் சில குழுக்கள் அறிவித்தன. ஒளியணுக்கள் குறைவாக இருக்கும்போது, போதிய எண்ணிக்கையில் அலைவுக் காலங்களைச் சோதித்தால் ஏதேனும் ஒன்று தற்செயலாகப் பொருந்தியே தீரும். 59 நொடியும் அவ்வகையினதே என்று பின்னர் தெளிவாயிற்று.

விடை 1992இல் கிடைத்தது. ரோசாட் விண்கலத்தின் எக்சு-கதிர்த் தரவுகளில் 0.237 நொடி அலைவுக் காலத்தை ஆல்பர்னும் ஹோல்ட்டும் கண்டனர். உடனே எக்ரெட்டின் காமா தரவுகளிலும் அதே துடிப்பு காணப்பட்டது. பின்னர் காஸ்-பி, எசுஏஎசு-2 ஆகியவற்றின் பழைய தரவுகளிலும் அது வெளிப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகச் சேமிப்பில் இருந்த ஒளியணுக்களிலேயே விடை இருந்தது. தேட வேண்டிய அலைவுக் காலம் மட்டும் தெரிந்திருக்கவில்லை. மங்கலான நீலநிறப் பொருள் ஆண்டுக்கு 0.17 வில்நொடி நகர்வது 1993இல் அளக்கப்பட்டதும், அது அண்மையிலுள்ள நியூட்ரான் விண்மீன் என்பது உறுதியாயிற்று. கெமிங்காவின் தொலைவு ஏறத்தாழ 800 ஒளியாண்டுகள் என மதிப்பிடப்படுகிறது.

உதகமண்டலத் தரவுகள்

மிக உயர்ந்த ஆற்றல் கொண்ட காமா கதிர்கள் வளிமண்டலத்தில் மோதித் துகள் பொழிவை உண்டாக்கும்போது, சில நானோநொடிகளே நீடிக்கும் நீலநிறச் செரென்கோவ் ஒளி தோன்றுகிறது. இதனைத் தரையிலிருந்து பதிவு செய்யலாம். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் குழுவினர் 1969இல், துடிவிண்மீன்கள் கண்டுபிடிக்கப்பட்ட சிறிது காலத்திலேயே, தேடொளி விளக்கு ஆடிகளைக் கொண்டு உதகமண்டலத்தில் இம்முயற்சியைத் தொடங்கினர். ஆடிகளின் எண்ணிக்கை பின்னர் படிப்படியாகக் கூட்டப்பட்டது. நிலவில்லாத தெளிந்த இரவுகளில் மட்டுமே இவ்வுற்றுநோக்கல் இயலும்.

1984-85இல் இங்கு எடுக்கப்பட்ட தரவுகளை, கெமிங்காவின் அலைவுக் காலம் தெரிந்த பின்னர், விசுவநாத், சத்தியநாராயணா, ரமண மூர்த்தி, பட் ஆகியோர் மீண்டும் ஆராய்ந்தனர். ஒவ்வொரு நிகழ்வும் துல்லியமான நேரத்துடன் பதிவாகியிருந்ததால் இது இயன்றது. டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் கெமிங்காவின் துடிப்புக்குச் சான்று கிடைத்ததாக அவர்கள் 1993இல் அறிவித்தனர். இங்கிலாந்தின் டர்ஹாம் குழுவும் அதே ஆண்டில் இதையொத்த முடிவை வெளியிட்டது. ஆனால், பொழிவின் வடிவத்தைப் படமாகப் பதிந்து காமா கதிரையும் அண்டக்கதிரையும் வேறுபடுத்தவல்ல விப்பிள், வெரிட்டாஸ் போன்ற பிற்காலத் தொலைநோக்கிகளுக்கு இவ்வாற்றலில் துடிப்பு எதுவும் தென்படவில்லை. கனேரித் தீவுகளிலுள்ள மேஜிக் தொலைநோக்கிகள் 2020இல் கண்ட துடிப்பு 15 முதல் 75 கிகா எலக்ட்ரான் வோல்ட் வரையிலானது. அதற்கு மேல் அது விரைந்து மங்குகிறது. எனவே உதகமண்டல முடிவு இன்று ஏற்கப்பட்ட முடிவாகக் கொள்ளப்படுவதில்லை. எனினும் கெமிங்காவைச் சூழ்ந்து, துடிப்பற்ற, பல பாகை அகலமான டெரா எலக்ட்ரான் வோல்ட் ஒளிவட்டம் ஒன்று உள்ளது என்பதை மெக்சிகோவின் ஹாக் ஆய்வகம் 2017இல் விரிவாக அளந்தது.

உதகமண்டலக் குழுவின் பணி 1980களில் மத்தியப் பிரதேசத்தின் பச்மடிக்கும், பின்னர் லடாக்கின் ஹான்லேவுக்கும் நகர்ந்தது. ஹான்லேயில் ஏறத்தாழ 4,270 மீட்டர் உயரத்தில் ஏழு தொலைநோக்கிகள் கொண்ட ஹகார் அணி 2008இல் நிறைவுற்றது. 21 மீட்டர் விட்டமுள்ள மேஸ் தொலைநோக்கி அங்கு 2024 அக்டோபர் 4இல் திறந்து வைக்கப்பட்டது.

பெர்மிக்குப் பின்: கணினித் தேடல்

ஒரு மங்கலான மூலத்திலிருந்து பெர்மிக்கு நாளொன்றுக்கு ஒரு சில ஒளியணுக்களே கிட்டுகின்றன. 2 மில்லிநொடிக்கு ஒருமுறை சுழலும் துடிவிண்மீன் அந்த ஒரு நாளில் நான்கு கோடிக்கும் மேற்பட்ட முறை சுழன்றுவிடும். எனவே துடிப்பைக் காண ஆண்டுக்கணக்கான தரவுகளை ஒன்றுசேர்க்க வேண்டும். அவ்வாறு சேர்க்கும்போது புவியின் இயக்கத்தால் ஏற்படும் நேர வேறுபாட்டை நீக்குவதற்கு மூலத்தின் இடம் வில்நொடித் துல்லியத்தில் தெரிய வேண்டும். சுழற்சி வேகம் குறையும் வீதமும் தெரிய வேண்டும். துடிவிண்மீன் இரட்டை விண்மீனாக இருந்தால் சுற்றுப்பாதையின் அளவுகளும் இவற்றோடு சேரும். தெரியாத எண் ஒவ்வொன்றும் தேடல் வெளியைப் பன்மடங்காக்குகிறது. தனித்த இளம் துடிவிண்மீன்களுக்கு இத்தேடல் கைகூடும் என்பது 2008இல் சிடிஏ 1 என்னும் மீயொளிர் விண்மீன் எச்சத்தினுள், காமா கதிரை மட்டும் கொண்டு 0.316 நொடித் துடிவிண்மீன் ஒன்று கண்டறியப்பட்டபோது தெளிவாயிற்று.

இரட்டை விண்மீன்களில் பிற அலைநீளங்களின் உதவியின்றி முன்னேறுவது அரிது. எக்ரெட் காலம் முதல் அடையாளம் அறியப்படாதிருந்த மூலம் ஒன்றின் பிழை வட்டத்தினுள், ஏறத்தாழ 94 நிமிடத்துக்கு ஒருமுறை ஒளிர்வு மாறும் விண்மீன் ஒன்றை ரோமானி 2012இல் ஒளியியல் தொலைநோக்கிகளால் கண்டார். இதனால் இடமும் சுற்றுக்காலமும் ஒருசேரக் கிடைத்தன. அதே ஆண்டிலேயே பிளெட்ஷ் குழுவினர் பெர்மியின் நான்காண்டுத் தரவுகளைக் கணினித் தொகுதியில் ஆராய்ந்து 2.56 மில்லிநொடித் துடிப்பைக் கண்டனர். இது பிஎஸ்ஆர் ஜே1311-3430 எனப் பெயர் பெற்றது.

மாபெரும் மீட்டரலை கதிரலைத் தொலைநோக்கியின் பங்கு

கதிரலையில் ஒரு துடிவிண்மீன் போதிய வலிமையுடன் தெரிந்தால் ஒரு மணி நேரத் தரவே அதன் சுழற்சிக் காலத்தைத் தந்துவிடும். உதகமண்டலத்தின் முத்தொரையில், அவ்விடத்தின் அகலாங்குக்குச் சமமான சாய்வுள்ள மலைச்சரிவில் 530 மீட்டர் நீளக் கதிரலைத் தொலைநோக்கியை 1970இல் நிறுவிய கோவிந்த் சுவரூப் தலைமையிலேயே, 45 மீட்டர் விட்டமுள்ள 30 உணர்கலங்களைக் கொண்ட இத்தொலைநோக்கி பின்னர் புனே அருகே உருவானது. பெர்மி மூலங்களைத் தேடுவதற்கு இதில் ஒரு வசதி உண்டு. 322 மெகா ஏர்ட்சில் ஒவ்வோர் உணர்கலமும் ஒரு பாகைக்கும் மேற்பட்ட வான்பரப்பைக் காண்பதால், பிழை வட்டம் முழுவதும் ஒரே நோக்கில் அடங்கிவிடும். துடிப்பு தெரிந்த பிறகு, துடிப்பு இருக்கும் கணங்களின் படத்திலிருந்து இல்லாத கணங்களின் படத்தைக் கழித்தால் துடிவிண்மீன் மட்டும் எஞ்சும். அதன் இடமும் வில்நொடிகள் அளவுக்குத் துல்லியமாகிறது.

இம்முறையில் பாஸ்வதி பட்டாச்சாரியா குழுவினர் 2013இல் பிஎஸ்ஆர் ஜே1544+4937 என்னும் 2.16 மில்லிநொடித் துடிவிண்மீனை அறிவித்தனர். இது மிகச் சிறிய துணைப்பொருளுடன் 2.9 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது. தன் கதிர்வீச்சால் துணையை அரித்து அழிக்கும் இவ்வகை இணைகள் "கருப்பு விதவை" சிலந்தியின் பெயரால் அழைக்கப்படுகின்றன. 322 மெகா ஏர்ட்சில் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 13 விழுக்காடு நேரம், அதாவது 22 நிமிடங்கள் வரை, துடிப்பு மறைகிறது. 607 மெகா ஏர்ட்சில் அதே நேரத்திலும் தெரிகிறது. ஆகவே மறைப்பது திண்மப் பொருள் அன்று, அரிக்கப்பட்ட துணையிலிருந்து கிளம்பிய மின்மமாக்கப்பட்ட வளிமமே என்பது புலனாகிறது. கதிரலையில் கிடைத்த சுழற்சி அளவுகளைக் கொண்டு பெர்மி தரவுகளிலும் துடிப்பு காணப்பட்டதால் இம்மூலம் அடையாளம் காணப்பட்டது.

செயந்தா ராய் குழுவினர் 2015இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இதனினும் விந்தையானது. எக்சு-கதிரில் வளிமத் தட்டு கொண்ட இரட்டை விண்மீனாக அறியப்பட்டிருந்த பொருள் ஒன்று காமா கதிர் மூலம் ஒன்றின் இடத்தில் இருந்தது. அவ்வகை இரட்டைகள் காமா கதிர் வெளியிடுவது வழக்கமன்று என்பதால் இத்தொடர்பு ஐயத்துக்குரியதாக இருந்தது. 2012இன் பிற்பகுதியில் அப்பொருளின் எக்சு-கதிரும் கண்ணுறு ஒளியும் திடீரெனக் குன்றின. தட்டு மறைந்துவிட்டால் துடிவிண்மீன் வெளிப்படக்கூடும் என்ற எதிர்பார்ப்பில் நோக்கியபோது, 1.69 மில்லிநொடித் துடிப்பு 607 மெகா ஏர்ட்சில் கிடைத்தது. முந்தைய பத்தாண்டில் எவ்வளவு கூர்மையான கதிரலைத் தொலைநோக்கியைத் திருப்பியிருந்தாலும் இத்துடிப்பு கிடைத்திருக்க வாய்ப்பில்லை. ஒருமுறை தேடிக் காணப்படாத மூலங்களைச் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் தேடும் வழக்கத்துக்கு இது வலுவான எடுத்துக்காட்டாகும்.

டெரா எலக்ட்ரான் வோல்ட் மூலங்கள்

உயர் ஆற்றல் மூலங்களில் முதன்முதலில் அடையாளம் தெரியாததாகப் பதிவானது, அன்னம் விண்மீன் குழாமில் ஹெக்ரா தொலைநோக்கிகள் கண்டு 2002இல் அறிவித்த மூலமாகும். 2009இல் அவ்விடத்தில் பெர்மி ஒரு துடிவிண்மீனைக் கண்டது. அது தனித்த விண்மீன் என்றே முதலில் கருதப்பட்டது. கதிரலையில் அதன் துடிப்பு நேரங்களைப் பல ஆண்டுகள் அளந்த பிறகே, பெரிய விண்மீன் ஒன்றை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றுகிறது என்பது தெரியவந்தது. அண்மைப் புள்ளியை அடைந்த 2017 நவம்பரில் மேஜிக், வெரிட்டாஸ் ஆகிய இரண்டும் அங்கு ஒளிர்வு கூடியதைப் பதிவு செய்தன. எனினும் ஹெக்ரா கண்ட பரந்த, மாறாத ஒளிர்வு இவ்விரட்டையின் மாறும் ஒளிர்விலிருந்து தனித்து நிற்கிறது. அது துடிவிண்மீனிலிருந்து வெளியேறிய துகள்களின் முகிலாக இருக்கலாம் என்று விளக்கப்படுகிறது.